சரிவுக் காணிகளிற் கற்சுவர் கட்டுதலும் உழவு இயந்திரத்தின் உபயோகமும்

வெலிமடைப் பகுதியிலும் நுவரெலியா மாவட்டத்திலும் போஞ்சி, கோவா, கரட், உருளைக்கிழங்கு முதலியன பெரும்பாலும் சரிவான காணிகளிலேயே செய்கைபண்ணப்படுகின்றன. பெருமழை பெய்த மறுநாள் அக்காணிகளின் அடியிலுள்ள ஓடையைப் பார்ப்பின், நீர் கலங்கி ஓடுவதைக் காணலாம். அக்கலங்கல் மேட்டுக் காணியின் மேல்மண்ணேயாகும். இட்ட பசளையும் அதனுடன் போகின்றது. பள்ளத்திலுள்ள வயற்காரருக்கும் இதனாற் கேடே விளைகின்றது. வாய்க்கால் தூர்ந்து வயலில் மணல் படிகின்றது. ஆகவே மண்ணைத் தடுத்து நிறுத்துதல் இருசாராருக்கும் பொதுவான கடமையாகும். மண்பாதுகாப்புக்கென இந்நாட்டில் 1951 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

சுவர் ஏன் இடிகின்றது?

ஓர் ஏக்கர் காணியில் ஓர் அங்குல மழை பெய்யின் சுமார் 100 தொன் நீர் விழுகின்றது. சுவரின் பின்னாலுள்ள மண் இந்நீரை உறிஞ்சிப் பாரமாகின்றது. நீர் வெளியேற வழியில்லாவிடின் அது சுவரை முன்னோக்கித் தள்ளுகின்றது. எனவே, மண்ணைத் தடுத்து நீரைப் போகவிடும் சுவரே நல்ல சுவராகும். சாந்தின்றி அடுக்கிய கற்சுவர் இதற்கு மிகவும் ஏற்றது. சீமெந்துச் சாந்து இட்டுக் கட்டுவதாயின், 4 அடிக்கு ஒன்றாக 2 அங்குலக் குழாய்கள் வைத்தல் அவசியம்.

காலமும் கோடு குறித்தலும்

வெலிமடைப் பகுதியில் யூன் தொடக்கம் ஓகத்து வரையும், நுவரெலியாவின் மேற்குப் பக்கத்தில் சனவரி தொடக்கம் மார்ச்சு வரையும் இவ்வேலைக்கு உகந்த காலமாகும். சுவர் சமவுயரக் கோட்டின் வழியே செல்லவேண்டும். சம நீளமுள்ள இரு தடிகளை உச்சியிற் கட்டி, அடியில் 6 அடி அகலமாக விரித்து, நடுவே ஒரு குறுக்குச் சட்டம் பொருத்துக. உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. கால்கள் ஊன்றிய இரு இடங்களிலும் முளை அடித்து, நூல் சட்டத்திற் படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி மீண்டும் குறிக்கவும். இரு குறிகளுக்கும் நடுவே நூல் நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. இவ்வாறு முளை அடித்துக்கொண்டே முன்னேறலாம்.

சுவர் கட்டும் முறை

கமக்காரர் தாமே கட்டும் சுவர் 3 அடி உயரத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. சரிவு அதிகமாயின் ஓர் உயர்ந்த சுவருக்குப் பதிலாகப் பல சிறு சுவர்களை அமைக்கவேண்டும்.

1. உறுதியான மண் வரும்வரை, குறைந்தது 9 அங்குல ஆழத்துக்கு அத்திவாரம் வெட்டுக. அதன் அடி மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும்.
2. அடியகலம் 2 அடியாகவும் மேலகலம் 1½ அடியாகவும் இருத்தல் வேண்டும். முகப்பு அடிக்கு 2 அங்குலம் வீதம் மலைப்பக்கம் சாயவேண்டும்.
3. பெரிய கற்களை அடியில் வைக்கவும். மேற்கல் கீழேயுள்ள இரு கற்களின் மூட்டை மூடவேண்டும்; மூட்டுகள் ஒரே நேராக வரலாகாது.
4. நடு உயரத்தில் 3 அடிக்கு ஒன்றாக, சுவரின் முழு அகலத்துக்கும் செல்லும் நீண்ட கட்டுக்கல் இடுக.
5. சுவரின் பின்னே ஓர் அடி அகலத்துக்குச் சிறு கற்களை நிரப்பி, அதன் பின்னரே மண்ணிடுக.

இவ்வளவுகளின்படி 50 அடி நீளச் சுவருக்கு ஏறத்தாழ மூன்றரைக் கியூப் கல்லும், பின்னே நிரப்ப ஒன்றரைக் கியூப் சிறு கல்லும் வேண்டும்.

உழவு இயந்திரத்தின் வேலை

கல் ஏற்றுதலும் மண் தள்ளுதலும் இயந்திரத்தின் வேலை. கல் அடுக்குதல் கையின் வேலை. முதலில் மேல்மண்ணை 6 அங்குல ஆழத்துக்கு வழித்து ஒரு புறம் குவிக்கவும். பின் அடிமண்ணைத் தள்ளி மட்டமாக்கி, மேல்மண்ணை மீண்டும் பரப்பவும். இதனைத் தவறவிட்டவர் அடிமண்ணிற் பயிரிட்டுப் பல போகங்கள் விளைச்சல் இழப்பர்.

நாற்சக்கர இயந்திரத்தைச் செங்குத்தான சரிவின் குறுக்கே ஓட்டலாகாது. அது புரண்டு சாரதியின் உயிரைப் போக்கும். இழுவைப் பாரத்தைத் தாழ்ந்த கொளுவியிலேயே பூட்டவேண்டும். உயரத்திற் பூட்டின் முன்சில்லுகள் கிளம்பும். இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே செல்க. மட்காட்டில் எவரையும் ஏற்றலாகாது. புதுச் சுவரின் விளிம்பிலிருந்து குறைந்தது 4 அடி தூரத்துக்குள் சில்லுகள் செல்லலாகாது. அவ்விடத்து மண்ணை 6 அங்குலப் படைகளாக இட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்கவும்.

வடிகானும் புல்லும்

ஒவ்வொரு தட்டும் உட்பக்கமாகச் சிறிது சாய்ந்து, மேற்சுவரின் அடியில் ஒரு வடிகான் கொண்டிருத்தல் வேண்டும். அதன் சாய்வு 100 அடிக்கு ஓர் அடிக்கு மேற்படலாகாது. வடிகானின் முடிவிற் கல் பதித்த நீர்வழி அமைக்கவும். சுவரின் மேல்விளிம்பில் வெட்டிவேர் நடின் அதன் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். சுவரோரத்தில் பெருமரங்களை நடலாகாது.

ஓர் எச்சரிக்கை

கற்சுவர் மண்ணரிப்பைத் தடுக்குமேயன்றி மலைச்சரிவைத் தடுக்காது. 2014 ஆம் ஆண்டு ஒற்றோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்த மண்சரிவு குடியிருப்புகளையே மூடிவிட்டது. நிலத்திற் புது வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று ஆகியவற்றைக் காணின், அங்கு சுவர் கட்ட முனையாது, வீட்டாருடன் பாதுகாப்பான இடத்துக்குச் சென்று கிராம அலுவலருக்கு அறிவிக்கவேண்டும்.

மழை முடிந்ததும் சுவரைச் சுற்றிப் பார்த்து, பெயர்ந்த கல்லை அன்றே மீள வைக்கவும். ஒரு கல் விழுந்த இடத்தாலேயே அடுத்த மழையிற் சுவர் முழுவதும் போகும். நன்றாய்க் கட்டிக் காத்த சுவர், கட்டியவரின் பிள்ளைகளுக்கும் மண்ணைக் காத்துக் கொடுக்கும்.