பழந்துவக்கும் அதற்குரிய தோட்டாவும்

பதுளை நகரின் புனித மாற்கு ஆலயத்தைக் கண்டோர் பலர்; அஃது எவர் நினைவாக எழுந்தது என்பதை அறிந்தோர் சிலரே. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் கடமையாற்றிய மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுந்த ஆலயம் அது. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேற்பட்டவை என்பர். 1845 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7 ஆம் நாள் அப்புத்தளையில் இடி வீழ்ந்து அவர் மாண்டார். இத்துணை உயிர்களை மாய்த்தது பெருமைக்குரிய செயலன்று. எனினும், வேட்டைத் துவக்கின் வரலாற்றைக் கற்கப் புகுவோர்க்கு அவர் காலம் தக்கதொரு தொடக்கமாகும்.

அவர் காலத்துத் துவக்குகள் வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கப்பட்டவை. கருமருந்தும் ஈயமும் கேப்பும் இருந்தால் அவை இயங்கும். ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்தால் குண்டு கிடைக்கும். ஆகவே, துவக்கு எத்துணைப் பழமையானதாயினும் அதற்கு உணவு இல்லை என்ற நிலை எளிதில் நேராது. 1860களில் பின்புறம் திறந்து தோட்டாவை இடும் துவக்குகள் பரவத் தொடங்கின. மருந்து, குண்டு, கேப்பு யாவும் ஒரே கூட்டில் அடங்கின. வசதி பெருகிற்று, கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது. ஒவ்வொரு துவக்கும் தனக்கென அமைந்த ஓரளவுத் தோட்டாவையே ஏற்கும். அத்தோட்டாவைச் செய்யும் தொழிற்சாலை கைவிட்டால், துவக்கும் ஊமையாகும்.

இவ்வுண்மையை நன்கு விளக்குவது கூட்டுத் துவக்காகும். ஊவாவின் மலைச்சாரலில் ஒரே நாளில் காட்டுக்கோழியும் எதிர்ப்படும், காட்டுப்பன்றியும் எதிர்ப்படும். முன்னதற்குச் சன்னம் வேண்டும். பின்னதற்குத் தனிக்குண்டு வேண்டும். இத்தகைய தேவைக்காகவே இருவகைக் குழல்களையும் ஒரே துவக்கில் இணைத்தனர். வழுவழுப்பான குழலொன்றும் மரையிட்ட குழலொன்றும் அருகருகே அமைந்தது ‘கேப்’ துவக்கு. தென்னாபிரிக்காவில் பெரிதும் வழங்கியமையால் இப்பெயர் பெற்றது. மூன்று குழல்கள் கொண்டது ஜெர்மானியரின் ‘டிரில்லிங்’. ஆங்கிலேயரோ வேறு வழி கண்டனர். 1885 இல் கேணல் பொஸ்பெரி உரிமம் பெற்ற முறைப்படி, ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் நிறுவனத்தார் ‘பரடொக்ஸ்’ துவக்கைச் செய்தனர். அதன் குழல் முனையில் மட்டும் மரை வெட்டப்பட்டிருக்கும். ஆகவே ஒரே குழல் சன்னத்தையும் எறியும், குண்டையும் எறியும்.

இத்தகைய துவக்கொன்று இன்று ஒருவர் கைக்கு வருமாயின், அவர் முதலிற் செய்யத்தக்கது யாது? அழகைக் கண்டு வியத்தல் அன்று; குழல்களின் அடியிற் பொறித்த எண்களையும் முத்திரைகளையும் படித்தலே. அவற்றை நான்காக வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, குழலின் அளவு. 12 என்னும் எண், ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்றின் விட்டமாகும், ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். 20 ஆம் எண் தோட்டாவைத் தவறுதலாக 12 ஆம் எண் துவக்கில் இட்டால், அது வழுக்கிச் சென்று குழலினுள் சிக்கிக்கொள்ளும். துவக்கு வெறுமையெனக் கருதி அதன் பின் மற்றொரு தோட்டாவை இட்டுச் சுட்டால், குழல் வெடித்துக் கையைச் சிதைக்கும். 20 ஆம் எண் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் தீட்டும் வழக்கம் இதனைத் தடுக்கவே எழுந்தது.

இரண்டாவது, அறையின் நீளம். பழைய 12 ஆம் எண் துவக்குகள் பல 2½ அங்குலத் தோட்டாவுக்கு அமைந்தவை. இந்நாளில் பெரிதும் கிடைப்பதோ 2¾ அங்குலத் தோட்டா. மடித்த வாயோடு அது அறையினுள் நுழைந்துவிடும், வெடிக்கும்போது மடிப்பு விரிந்து குழலின் கழுத்தை நெருக்கும், அமுக்கம் ஏறும். ‘நுழைகிறது, ஆகவே பொருந்துகிறது’ என்பது பேதைமை.

மூன்றாவது, மருந்தின் வகை. இரும்பும் உருக்கும் முறுக்கி நெய்த ‘டமஸ்கஸ்’ குழல்கள் பெரும்பாலும் கருமருந்துக்கென்றே அமைந்தவை. புகையிலா மருந்துக்குரிய பரிசோதனை முத்திரை இல்லாத குழலில் இக்காலத் தோட்டாவை இடுதல் ஆகாது.

நான்காவது, மரையிட்ட குழல். இங்குதான் ஒரெழுத்தும் உயிரைக் காக்கும். 8×57 என்னும் ஜெர்மானியத் தோட்டா இருவகை. பழையதன் குண்டு 0.318 அங்குலம், ‘எஸ்’ எழுத்துப் பெற்ற பிந்தியதன் குண்டு 0.323 அங்குலம். முன்னதற்குரிய குழலில் பின்னதைச் சுடுதல் பேராபத்து. அவ்வாறே 9.3×72, 9.3×74 என்பவை பெயரால் நெருங்கியவை. பின்னதன் அமுக்கமோ மிக அதிகம். ஐயமிருப்பின், தேர்ந்த துவக்குக் கம்மியர் அறையினுள் எளிதில் உருகும் உலோகத்தை வார்த்து அளவெடுப்பர். அளவறியாத வரை அக்குழலுக்கு மௌனமே தக்கது.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கை வைத்திருத்தல் குற்றம். பாட்டனார் விட்டுச்சென்றது என்பது விடையாகாது. வனவிலங்குகளைக் காக்க 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் உண்டு. 1971 ஏப்ரல் 5 ஆம் நாள் நம் மாகாணத்து வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதை மூத்தோர் மறவார். அக்கிளர்ச்சியில் வேட்டைத் துவக்குகளே பெரிதும் கையாளப்பட்டன. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்கும் அரசைக் குறைகூறுவதற்கு முன் இதனையும் எண்ணுதல் வேண்டும்.

லயத்தின் பின்னுள்ள மரக்கறிப் பாத்தியைப் பன்றி கிளறுகிறதென்று சிலர் கட்டுத்துவக்கு வைக்கின்றனர். அது பன்றியையும் அறியாது, விறகு பொறுக்கச் செல்லும் தாயையும் அறியாது. தோட்டா கிடைக்காத பழந்துவக்கினால் ஒருவருக்கும் கேடில்லை. பொருந்தாத தோட்டாவை வலிந்து இட்ட துவக்கும், காவலின்றிக் காட்டில் கட்டிவைத்த துவக்குமே கேடு விளைப்பன. கூட்டுத் துவக்கின் ஒரு குழலுக்குத் தோட்டா கிடைத்து, மற்றதற்குக் கிடையாதாயின், அவ்வொன்றோடு மனநிறைவு கொள்க. இரண்டுக்கும் கிடையாதாயின், அனுமதியோடு சுவரில் மாட்டிவைத்து, அதன் முத்திரைகளைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுக. அதுவும் ஒரு கல்வியே.