நொய்யல் வழியே சூலூர்

ஓங்கிய கோபுரத்தையோ இடிந்த கோட்டையையோ எண்ணிச் சூலூருக்குப் புறப்படுகிறவர், கோயமுத்தூரிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே சுமார் இருபது கிலோமீட்டர் வந்ததும், விசைத்தறிகளின் ஓசையையும் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் போர்விமானங்களின் இரைச்சலையும் கேட்டுவிட்டு, "இதில் என்ன புராதனம்?" என்று அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடக்கூடும். இவ்வூர்ச் சரித்திரத்தின் சாட்சியங்கள் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றுள் பிரசித்தமானதோ கடல் கடந்து போய்விட்டது. பெருங்கற்கால ஈமச்சின்னமொன்றில் கிடைத்த, குறியீடுகள் கீறிய மண்தட்டு இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அக்குறிகள் ஹரப்பாவில் கிடைத்த வில்லை ஒன்றின் எழுத்துக்களை ஒத்திருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் எழுதியதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. என்றாலும் அத்தட்டின் படத்தையாவது பார்த்துவிட்டுப் புறப்படுவது, வெறும் மேட்டுநிலத்தையும் மரியாதையோடு நோக்கச் செய்யும்.

பிரயாணத்தைக் குளக்கரையில் தொடங்குங்கள் என்பதே என் முதல் யோசனை. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, காஞ்சிமாநதி என்று பழம்பெயர் கொண்ட நொய்யல், பேரூரையும் கோவையையும் கடந்து கிழக்கே வருகையில், முன்னோர் கட்டிய அணைகளும் வாய்க்கால்களும் அதன் வெள்ளத்தைக் குளம் குளமாகப் பகிர்ந்தளித்தன. சூலூரின் பெரிய குளமும் சின்னக் குளமும் அந்த வரிசையைச் சேர்ந்தவை. கரைமீது காலை வெயில் ஏறுமுன் நடந்தால், "எந்த ஊருங்க உங்களுக்கு?" என்று யாராவது ஒரு பெரியவர் விசாரிக்காமல் இருக்கமாட்டார். அதற்கு அவசரமின்றிப் பதில் சொல்லுங்கள். மதகு எது, வாய்க்கால் எந்தப் பக்கம், தண்ணீர் வந்த காலத்தில் எந்த வயலில் என்ன விளைந்தது என்பதெல்லாம் அவ்வுரையாடலில் தாமாக வந்துசேரும். நகரத்துக் கழிவும் சாயமும் ஆற்றை என்ன செய்தன என்பதையும் அப்பெரியவர் வாயாலேயே கேட்பது நல்லது.

பிறகு மேற்கே வெள்ளலூருக்குச் செல்லலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையையும் உள்நாட்டையும் இணைத்த வணிகப் பாதை இப்பிரதேசத்தின் ஊடே சென்றதற்கு, 1842-லும் பின்னரும் அங்கே கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளே பிரமாணம். இத்தனை தூரம் காசு வந்த காரணத்தை அறிய விரும்புகிறவர் காங்கேயத்தையடுத்த படியூரையும், சென்னிமலைப் பக்கத்துக் கொடுமணலையும் நினைவில் கொள்ளவேண்டும்: முன்னது பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்றது, பின்னதில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் நடத்திய அகழாய்வுகள் மணி செய்யும் தொழிலையும், இரும்பு உருக்கும் உலைகளையும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிப்படுத்தின. கொடுமணலுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்; அதைச் சூலூரோடு ஒரே பகலில் திணிப்பது எனக்குச் சம்மதமில்லை.

பகல் உணவாக அரிசிம்பருப்பு சோறு கிடைத்தால் விடாதீர்கள். நெய் ஊற்றி அதை உண்ணாதவர் கொங்கு நாட்டைப் பார்த்ததாக நான் ஒப்புவதில்லை. விமானத்தளத்தின் அருகில் காமிராவை மூடியே வைத்திருங்கள். பாதுகாக்கப்பட்ட பிரதேசமாகையால் அங்கே படமெடுத்தல் குற்றம். கோடையைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் வருவது உத்தமம். நேரம் மிஞ்சினால், முதலையுண்ட பாலனைச் சுந்தரர் மீட்ட திருத்தலமான அவிநாசிக்கு வடக்கே போய்விட்டு, அங்கிருந்தே கோவைக்கு பஸ் பிடிக்கலாம்.