சிங்கராச வனத்தின் முதல்

கிணற்று நீரை நம்பிச் செம்மண் நிலத்திற் பயிர்செய்யும் யாழ்ப்பாணத்தார்க்கு, ஆண்டு முழுதும் ஈரம் உலராத காடு வியப்பையே தரும். சப்பிரகமுவ, தென் மாகாணங்களிற் பரந்துள்ள சிங்கராச வனம் அத்தகையது. அங்குள்ள மரவினங்களுட் பாதிக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை.

அவ்வனத்தில் வெவ்வேறு இனப் பறவைகள் ஒரே கூட்டமாய் இரை தேடும். செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள் கூட்டத்தின் நடுநாயகமாகும். கொண்டைக் கரிச்சான் பகை கண்டவிடத்துக் குரலெழுப்பி எச்சரிக்கும்; ஏனையவை கலைத்தெழுப்பும் பூச்சிகளைத் தான் பற்றி உண்ணும். காவலும் கூலியும் அங்கு உள.

இவ்வளவு செழிப்பும் மண்வளத்தால் வந்ததோ எனின், அன்று. ஓயாத மழை மண்ணின் சத்துக்களைக் கரைத்துச் செல்லும். உதிர்ந்த இலைகளைக் கறையானும் காளானும் விரைந்து உக்கச் செய்ய, வேர்கள் அச்சத்துக்களை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் காட்டின் முதல் மரங்களிலேயே உளது. மரம் அழியின் முதலும் அழியும்.

1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காக இங்கு மரந்தறித்தனர். மக்கள் எதிர்ப்பினால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் இவ்வனம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. வடக்கே களு கங்கைக்கும் தெற்கே கிங் கங்கைக்கும் இன்றும் இது நீரூட்டுகின்றது.

மாணவர்காள்! மரத்தைப் பலகையாக மட்டும் எண்ணுவோன் வட்டியை விட்டு முதலை உண்பவனாவான். நீரின் அருமை அறிந்த நாம் இதனை மறத்தலாகாது.