லபுபு வாங்கி வைத்தால் லட்சமா?

"சேர், இதை இப்போ வாங்கி வைச்சா பிள்ளை பெரிசாகும்போது லட்சத்துக்குப் போகுமாமே?" பண்டாரவளை ஞாயிறு சந்தையில் ஒரு தாய் பையிலிருந்து லபுபு பொம்மையை எடுத்துக் காட்டினார். இதே பேச்சை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! பல்லை எண்ணினேன். பத்து. அசல் லபுபுவுக்கு ஒன்பதுதான். கொழுந்து பறித்த காசு போய்விட்டது.

2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஒரு லபுபு 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போனது உண்மை. அது 131 சென்டிமீட்டர் உயரம். அதற்கும் பையில் தொங்கவிடும் பொம்மைக்கும் என்ன உறவு? அதே மாதம் லபுபுவைத் தயாரிக்கும் பாப் மார்ட் நிறுவனம் நிறையப் பொம்மைகளைச் சந்தைக்கு விட்டதும் சீனாவில் கைமாறும் விலை சரிந்ததே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? நிறுவனம் நினைத்தால் இன்னும் லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளும். அப்புறம் எங்கே அருமை?

போலி பெருகினால் அசலுக்கு மவுசு கூடுமாம். கூடாது! முப்பரிமாண ஸ்கேனர் வந்தபின் அச்செடுப்பது பெரிய வேலையில்லை. பெட்டி, கியூஆர் ஒட்டி எல்லாவற்றுக்கும் நகல் வருகிறது. இருபது வருடம் கழித்து வாங்க வருபவர் உங்களுடையது அசல் என்று எதை வைத்து நம்புவார்? சந்தேகம் வந்தாலே விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

பெட்டியைப் பிரிக்காவிட்டால் கெடாதா? நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். வினைல் முகத்தை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் நாளாக நாளாகக் கசியும், முகம் பிசுபிசுக்கும். நம் மலை ஈரத்தில் ரோமத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். உலோகப் பொம்மையும் தப்பாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி பொம்மைக் கார்களில் பல, நாகக் கலவையில் ஈயம் சேர்ந்ததால், அசலாக இருந்தும் வெடித்து நொறுங்குகின்றன.

விளையாடத்தான் வாங்குகிறீர்களா? போலி லபுபு சிறு பிள்ளைகளின் தொண்டையில் சிக்கலாம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

சேர்த்து வைக்க ஆசையென்றால் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டன் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தபோது கழுத்தில் தொங்கிய, தோட்ட இலக்கம் அடித்த தகர டிக்கட் அடியில் கிடக்கலாம். தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். யாருடையது, எந்தத் தோட்டம் என்று தாத்தா பாட்டியிடம் இன்றே கேட்டு, ஒரு தாளில் எழுதி, அதோடு வையுங்கள்.