முதலில் துறை, பிறகு கருவி

கொண்டப்பநாயக்கன்பட்டி,
சேலம்.

அன்புள்ள தங்கைக்கு,

படிப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே இணையத்தில் ஃப்ரீலான்ஸ் வேலை செய்ய விரும்புவதாக எழுதியிருக்கிறாய். கிராஃபிக் டிசைன், வீடியோ எடிட்டிங், வெப் டிசைன், டிஜிட்டல் மார்க்கெட்டிங், கன்டென்ட் ரைட்டிங் என்று ஐந்தைச் சொல்லி, இவற்றில் அதிக வருமானம் தருவது எது என்று கேட்டிருக்கிறாய். நீ சொன்ன ஐந்தும் கருவிகள். யாருடைய வேலையை முடித்துக் கொடுக்கப் போகிறோம் என்பது தெளிவாகிவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது தானாகவே விளங்கும். ஆகவே முதலில் ஒரு துறையைத் தேர்ந்தெடு, பிறகு அதற்கு வேண்டிய கருவியைக் கற்றுக்கொள் என்பதுதான் என் பதில். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் வேலை கொடுப்பவர் அமெரிக்காவில் இருக்கலாம். அதே வேலைக்கு விலை சொல்பவர்கள் மணிலா, டாக்கா, லாகூர், சேலம் என்று எங்கும் இருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் இணைய ஆய்வு நிறுவனம் 2017இல் எடுத்த கணக்கின்படி, இத்தளங்களில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். மூன்று மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றால், போட்டி போட விலையைக் குறைப்பது தவிர வேறு வழி இருக்காது. நீ குறைத்தால் இன்னொருவர் அதைவிடக் குறைத்துச் சொல்வார். கைக்கு வரும் தொகையிலும் ஃபைவர் 20 சதவீதத்தைக் கமிஷனாகப் பிடித்துக்கொள்ளும். தட்டச்சுக்கு நடந்ததை நினைத்துப் பார். தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வுகள் தேறியிருந்தாலே அலுவலகத்தில் இடம் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. கணினி வந்த பிறகு தட்டச்சு எல்லோருக்கும் பொதுவான பழக்கமாகிவிட்டது. தட்டச்சோடு பத்திரம் எழுதும் முறையோ கணக்குவழக்கோ தெரிந்தவர்களுக்கு, மெஷின் மாறியபோதும் வேலை இருந்தது.

இப்போது அதே மாற்றம் இன்னும் வேகமாக நடக்கிறது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அப்வொர்க் தளத்தில் எழுத்து சார்ந்த வேலை செய்துவந்தவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் கிடைத்த வேலைகள் சுமார் 2 சதவீதமும், மாத வருமானம் சுமார் 5 சதவீதமும் குறைந்தன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இவை சிறிய எண்கள்தான். ஆனால் நல்ல மதிப்பீடும் அனுபவமும் உள்ளவர்களும் இந்தச் சரிவிலிருந்து தப்பவில்லை என்று அந்த ஆய்வு சொன்னதை நாம் கவனிக்க வேண்டும். பொதுவான திறமை ஒன்றில் இன்னும் தேறுவது மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பது இதிலிருந்து தெரிகிறது. இயந்திரம் எழுதித் தந்ததில் எது தவறு என்று கண்டுபிடிக்க, அந்தத் தொழிலின் உள்விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். தப்பு நேர்ந்தால் பதில் சொல்லவும் ஒருவர் வேண்டும். வாடிக்கையாளர் இனிமேல் பணம் கொடுக்கப்போவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும்தான்.

அந்த உள்விவரம் உன்னைச் சுற்றியே கிடக்கிறது. இளம்பிள்ளையில் சேலை விற்பவர்கள் பலர் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் ஆர்டர் எடுக்கிறார்கள். படத்தில் ஒரு நிறமும் பார்சலில் வேறு நிறமுமாக இருந்தால் சேலை திரும்பி வரும். முந்தி, பார்டர், பிளவுஸ் பிட், நூலின் வகை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, நிறம் மாறாமல் படமெடுத்துப் பட்டியல் போட்டுத் தருபவருக்கு அங்கே வேலை உண்டு. ஜவ்வரிசியை எடுத்துக்கொள். ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் தொடங்கப்பட்டு, சேலத்தில் இயங்குகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைப் பெருமளவில் வாங்குபவர்கள் மகாராஷ்டிரத்தாரும் வட மாநிலத்தாரும், விரத நாட்களில் அதைச் சமைப்பவர்கள். அவர்களுக்கான பாக்கெட்டை வடிவமைப்பவருக்கு ஃபோட்டோஷாப் மட்டும் போதாது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும், அந்த மக்கள் அதை எப்படிச் சமைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகள் வட மாநிலங்களிலும் ஆப்பிரிக்காவிலும் போர் போடுகின்றன. ஹேமர், பிட், ராடு, கம்ப்ரசர் ஆகியவற்றைப் பற்றி வெளிநாட்டுக்காரருக்குப் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் எழுதித் தருபவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு, நாமக்கல் முட்டை, லாரி பாடி கட்டும் பட்டறை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

உள்ளூர்க்காரர்கள் ரூபாயில் கொடுப்பார்கள், அதுவும் குறைவாகக் கொடுப்பார்கள், எனக்கு வேண்டியது டாலர் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளூரை முதல் படியாகத்தான் சொல்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் முதலில் கேட்பது, இதற்கு முன் என்ன செய்திருக்கிறாய் என்பதுதான். உண்மையான கடைக்குச் செய்து, விற்பனைக்கு உதவிய பத்து வேலைகளைக் காட்டினால், எந்தச் சான்றிதழையும்விட அது அதிகம் பேசும். சேலைக்குப் பட்டியல் போடக் கற்றவளால் வேறு எந்தத் துணி வியாபாரிக்கும் அதைச் செய்ய முடியும். ஆங்கிலம் வராதே என்பது இன்னொரு தயக்கம். இலக்கிய ஆங்கிலம் வேண்டியதில்லை. கேட்டதைப் புரிந்துகொள்ளவும், சந்தேகத்தைத் தெளிவாகக் கேட்கவும், தேதியையும் தொகையையும் குழப்பமில்லாமல் எழுதவும் வந்தால் போதும். ஒரு துறையில் இறங்கிவிட்டு அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றலாம். துறை படுத்தாலும் வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளும் பழக்கம் உன்னிடமே இருக்கும். அடுத்த துறைக்குள் நுழைய அது உதவும்.

எதையும் கற்கத் தொடங்குவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள். இந்த வேலைக்கு இப்போதே பணம் கொடுப்பவர் ஒருவரையாவது எனக்குத் தெரியுமா? நான் செய்தது சரியா தவறா என்று எனக்கே தெரியுமா? தினமும் இதைச் செய்ய மனம் வருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தக் கருவியைக் கற்றுக்கொள். அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஸ்வயம், என்பிடெல் தளங்களில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உன் கல்லூரியில் என்ன பயிற்சி தருகிறார்கள் என்றும் விசாரி. கூடவே கொட்டேஷன் போடவும், பில் எழுதவும், முன்பணம் கேட்கவும் பழகு. இவை தெரியாததால் திறமை இருந்தும் நஷ்டப்படுகிறவர்கள் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வேலை தருபவர் உன்னிடம் பணம் கேட்டால் அது வேலையே அல்ல. டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்று தொடங்கி, பிறகு பணம் கட்டச் சொல்வதும் இதே வகை மோசடிதான். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் கொடு.

எந்தக் கோர்ஸிலும் சேர்வதற்கு முன், இந்த வாரமே பக்கத்தில் தொழில் செய்யும் ஒருவரிடம் போய், உங்கள் வேலையில் தினமும் தொல்லை கொடுப்பது எது என்று கேள். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள். உனக்கு வேண்டிய பாடத்திட்டம் அதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் அக்கா