பறவையோடு சோலையும் படத்தில் வரட்டும்

கருஞ்செம்மை ஈப்பிடிப்பானை ஒழுங்காகப் படம்பிடிக்கத் தெரிந்தவருக்குப் பழனி மலையின் மற்றப் பறவைகள் அவ்வளவு சிரமம் தராது. சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவை இது. ஆணுக்கு உடம்பெல்லாம் ஆரஞ்சு. தலையும் இறக்கையும் கறுப்பு. வெயில் எட்டாத சோலைக்குள், தரைக்குச் சற்று மேலே புதர்க் கிளைகளில் புழங்கும். இருட்டு, நெருக்கமான கிளைகள், கொழுந்துவிட்டெரியும் நிறம், கறுப்பு முகத்தில் கரைந்துபோகும் கறுப்புக் கண் என்று ஒரு படக்காரருக்கு வரக்கூடிய சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு பறவையிடம் உண்டு. வனவிலங்குப் படத்தைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் கொடைக்கானலுக்கு வந்தால் பாம்பார் சோலை ஓரத்திலோ வட்டக்கானல் பக்கமோ இதை வைத்தே பயிற்சியைத் தொடங்குங்கள்.

முதலில் ஃபோகஸ். 400 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, பறவை 5 மீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். முழு அளவு சென்சார் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறத்தாழ 5 செ.மீ.தான். சிறிய சென்சாரில் அதைவிடக் குறைவு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளியை ஃபோகஸ் பிடித்துக்கொண்டால் பறவை முழுதும் மங்கிவிடும். பின்பக்கமிருந்து எடுத்தால் வால் கூர்மையாக விழும், கண் போய்விடும். அதனால் பறவையின் பக்கவாட்டுக்கு நேராக நிற்க முடிகிற இடத்தைத் தேடுங்கள். அலகு, கண், தோள், வால் எல்லாம் அந்த 5 செ.மீ.க்குள் அடங்க அதுதான் வழி. எஃப் எண்ணைக் கூட்டிச் சமாளிக்கலாமென்றால் சோலைக்குள் அதற்கு வெளிச்சம் இல்லை.

கேமரா தானே கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி திறந்த வெளியில் அருமையாக வேலை செய்கிறது. புதருக்குள் அது இலைக்கும் கிளைக்கும் தாவும். அங்கே ஒற்றைப் புள்ளிக்கு மாறிவிடுங்கள். லென்ஸில் தூரத்தை வரையறுக்கும் சுவிட்ச் இருந்தால் அருகு எல்லையில் வையுங்கள். எதிர்மலை வரை போய்த் திரும்பும் வீண் தேடல் மிச்சமாகும். ஃபோகஸ் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்குக் கொடுத்துவிடுவதும் நல்லது. ஒருமுறை பிடித்த ஃபோகஸ் ஒவ்வொரு அழுத்தலுக்கும் நகராது. இது முக்கியம். ஏனென்றால் இந்த ஈப்பிடிப்பான் தன் எல்லையை விட்டு அதிகம் அலையாது; பூச்சியைப் பிடித்துவிட்டுப் பழகிய கிளைக்கே திரும்பி வரும். துரத்திக்கொண்டு ஓடாமல் அந்தக் கிளையைக் கண்டுபிடித்து, அதில் ஃபோகஸை நிறுத்தி, தோதான பின்னணி பார்த்து உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அசையாமல் அமர்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 125-ல் ஒரு பங்கு போதும். தொடர்ச்சியாக எட்டுப் பத்துப் படங்கள் எடுத்தால் ஒன்றிரண்டு கூர்மையாக விழும். ஐ.எஸ்.ஓ.வை 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள். குருணையைக் கணினியில் குறைத்துக்கொள்ளலாம். அசைவில் கலைந்த கண்ணை மீட்க முடியாது. ஆரஞ்சு நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும், ஆகவே ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியே பார்த்து ஒளியைச் சற்றுக் குறைத்து எடுங்கள். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழாவிட்டால் கறுப்பு முகம் வெறும் ஓட்டையாகத் தெரியும். மேலே மர உச்சியில் எங்கே திறப்பு இருக்கிறது என்று பாருங்கள். பறவை அந்தப் பக்கம் தலையைத் திருப்பும் கணத்தில் அழுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

மஞ்சு இறங்கினால் கணக்கு தலைகீழ். மாறுபாடு குறைவதால் ஃபோகஸ் திணறும். பறவைக்குச் சம தூரத்தில் உள்ள கருத்த கிளையின் விளிம்பில் பிடித்துவிட்டுத் திரும்புங்கள். வெள்ளை மூட்டத்தைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் ஒளியை ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். 15, 20 மீட்டர் தள்ளி இருக்கும் பறவையின் இறகு விவரத்தை மஞ்சுக்குள் எந்த லென்ஸும் தராது. அந்த நேரத்தில் மரத்தின் வடிவமும் பறவையின் நிழலுருவமுமே படம்.

இப்போது படத்தின் அமைப்பு. இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பழனி மலைப் பறவையை ஃபிரேம் முழுக்க அடைத்து எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். பச்சைப் பின்னணியில் ஒற்றைப் பறவை இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அதற்காக ஒரு பத்திரிகையோ ஆய்வுக் குழுவோ உங்களை அழைக்கப்போவதில்லை. இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மரத் தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-ல் காட்டியது. வாழிடமே சுருங்கும் மலையில், பறவை எதன்மேல் இருக்கிறது, எதைத் தின்கிறது, பின்னால் நிற்பது சோலையா சீகை மரமா என்று சொல்லும் படத்துக்குத்தான் மதிப்பு. பழனிச் சிரிப்பான் என்ற பறவை காட்டு ராஸ்பெர்ரிப் புதருக்கும் குறிஞ்சிப் பூவுக்கும் வரும். பழத்தை அலகில் கவ்விய நேரத்தில், புதரும் பின்னால் சோலை விளிம்பும் தெரியும்படி சற்று அகலமாக எடுங்கள். புல்வெளியில் கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு வேலிக்கம்பில் வந்து உட்காரும். அதை ஒரு மூலையில் வைத்து, அது பார்க்கும் திசையில் மலைச்சரிவை விடுங்கள். பின்னணியில் கேரட் தோட்டம் விழுந்தால் விழட்டும். அதுவும் செய்திதான்.

வனவிலங்குப் படக்காரரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996) பல பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். படத்தோடு எழுத்தையும் சேர்த்துக் கொடுத்ததுதான் அவருடைய பலம். நீங்களும் படக்குறிப்பு எழுதப் பழகுங்கள். கொடைக்கானலில் எடுத்த வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியை நீலகிரிப் பறவை என்று எழுதினால் விவரம் தெரிந்த ஆசிரியர் அடுத்த படத்தைப் பார்க்க மாட்டார். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரிப் பக்கம் இருப்பது வேறு இனம். அதற்கு வயிற்றின் பக்கங்களில் செம்பழுப்பு ஓடும். மரபணு ஆய்வுக்குப் பிறகு 2017-ல் சோலைக்கிளிகளுக்கும் இந்தச் சிரிப்பான்களுக்கும் தனித்தனிப் பேரினங்களே அமைந்தன. பழைய புத்தகப் பெயரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். செண்பகனூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவைகளை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால் அளவும் நிறமும் மனதில் நிற்கும்.

அனுமதி விஷயத்தில் சமாதானமே கூடாது. இந்தக் காடுகளில் பெரும்பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமானது. பேரிஜம் போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2024 மே முதல் ஊருக்குள் வண்டி வரவே இ-பாஸ் தேவை. பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, கூட்டருகே காத்திருப்பது இரண்டும் பறவைக்குக் கேடு. பல போட்டிகளும் பத்திரிகைகளும் கூட்டுப் படத்தை வாங்குவதே இல்லை.

எடுத்த அன்றிரவே தேதி, இடம், உயரம், பறவை செய்துகொண்டிருந்த காரியம், மரத்தின் பெயர் எல்லாவற்றையும் படத்தோடு எழுதி வையுங்கள். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டிருந்தால் அந்த இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். கேமராவும் செல்போனும் பதியும் ஜி.பி.எஸ். விவரத்தை, படத்தை வெளியே அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள்.