குழுவில் அமர்தற்குரியார்

ஊர்ப் பொதுவினை ஆற்றுவோர்க்குத் தகுதி வகுத்தல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. தாம்பரத்திற்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியங்களில் அமர்வோர்க்குரிய இலக்கணம் கூறுகின்றது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதமொன்றும் அதன் உரையும் கற்று விளக்க வல்லார்க்கு அரைக்கால் வேலியே போதுமாம். கல்விக்கு அத்துணை மதிப்பு! ஆயினும், அந்தணர் ஊராகிய அங்கு ஏழை உழவர்க்கும் மகளிர்க்கும் வாரியத்தில் இடமில்லை.

அவ்விதிகளுள் ஒன்று இன்றும் வியக்கத்தக்கது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவர் பெயரைக் குடவோலைக்கு எழுதலாகாது. அவர் பெயர் மட்டுமோ? தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமன், மருமகன், மைத்துனன் பெயர்களும் விலக்கப்பட்டன. ஒருவர் செய்த பிழைக்குச் சுற்றத்தாரையும் ஒதுக்குதல் கடுமையே. எனினும், பொதுப்பணத்தை அவ்வூரார் எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பது அதனால் விளங்கும்.

இக்காலத்தில், தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களின் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இயங்குகின்றது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினரேனும் அப்பள்ளி மாணவரின் பெற்றோர் அல்லது காப்பாளராதல் வேண்டும். பாதிப்பேர் மகளிராதல் வேண்டும். பெற்றோர்க்கு நிலமோ பட்டமோ அச்சட்டம் கேட்கவில்லை. கூலி வேலை செய்யும் தாயொருத்தி, எழுத்தறியாதவளேயாயினும், தன் மகள் பயிலும் பள்ளியின் குழுவில் அமரலாம். பள்ளிக்கு வரும் மானியம் எவ்வாறு செலவாகின்றது எனக் கண்காணித்தல் அக்குழுவின் கடமைகளுள் ஒன்று. ஆதலின், கணக்கை எடுத்துக் காட்டுமாறு தலைமையாசிரியரை அவள் கேட்கலாம்.